கப்பல் மேடை ஆடும்போது கலைஞர் யாருடைய ஆள்?

மந்தின் வட்டாரத் தோட்டங்களில் கடல் என்றால் போர்ட் டிக்சன்தான். பள்ளி விடுமுறையில் வேன் எடுத்துக்கொண்டு போய், பாய் விரித்து, சோற்றுப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடும் கடல் அது. பிள்ளைகள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று விளையாடலாம். கடலை நம்பிப் பிழைக்கும் பழக்கம் பால்மரத்தையும் செம்பனையையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு இருந்ததில்லை.

மேடை அப்படியல்ல. அது வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோயில் திருவிழாவில் உறுமி மேளம், கல்யாண மண்டபத்தில் இசைக்குழு, தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சியில் நடனம் என்று ஏதாவது ஒன்றில் கைவைக்காத இளைஞர்கள் தோட்டத்திலும் குறைவு, பட்டணத்திலும் குறைவு. ஆனால் அந்த மேடையில் மாதச் சம்பளம் கிடையாது. ஆட்டம் தெரிந்த பிள்ளை பகலில் நீலாய் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, வார இறுதியில் மேடை ஏறுகிறது. கலையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பது பெற்றோர் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

அந்தக் கணக்கை மாற்றுவதாகச் சொல்லும் ஒரு வேலை இப்போது அருகில் வந்திருக்கிறது. அது சொகுசுக் கப்பல் மேடை. மாதச் சம்பளம், தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, ஊர் சுற்றும் வாய்ப்பு எல்லாம் உண்டு. கடல் அமைதியாக இருக்கும் நாளில் இதைவிட நல்ல வேலை ஆட்டக்காரருக்கும் பாட்டுக்காரருக்கும் கிடைப்பது அரிது. கடல் கொந்தளிக்கும் நாளில் அதே கலைஞரின் நிலை என்ன, அவருக்கு ஏதாவது நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதுதான் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

சிங்கப்பூருக்கு வரும் கப்பல்கள்

கெந்திங் குழுமம் 1993-இல் ஸ்டார் குருஸஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது, இந்த வட்டாரத்தில் சொகுசுக் கப்பல் என்பதே புதிய தொழில். பின்னர் அது ஆசியாவின் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. கோவிட் காலத்தில் கப்பல்கள் துறைமுகத்தில் முடங்க, கெந்திங் ஹாங்காங் நிறுவனம் 2022 ஜனவரியில் நொடித்துப் போனது. அந்த ஆண்டே புதிய பெயரில் கெந்திங் டிரீம் கப்பல் சிங்கப்பூரிலிருந்து மறுபடியும் ஓடத் தொடங்கியது. கிள்ளான் துறைமுகத்துக்கும் பினாங்குக்கும் அது வந்து போகிறது. பயணிகளில் இந்தியாவிலிருந்து வருபவர்கள் கணிசமானவர்கள் என்பதால் இந்தியச் சாப்பாட்டுக்கும் இந்திய நிகழ்ச்சிகளுக்கும் அங்கே இடம் உண்டு.

கெந்திங் கட்டத் தொடங்கி முடிக்க முடியாமல் ஜெர்மனியில் பாதியில் நின்றுபோன பெரிய கப்பல் ஒன்றை டிஸ்னி நிறுவனம் 2022-இல் வாங்கியது. அதுதான் டிஸ்னி அட்வெஞ்சர். அதன் தாய்த் துறைமுகம் சிங்கப்பூர். 2025 டிசம்பரில் புறப்படுவதாக இருந்த முதல் பயணம், கட்டுமானத் தாமதத்தால் 2026 மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஏறக்குறைய 6,700 பயணிகளும் 2,500 பணியாளர்களும் கொள்ளும் கப்பல் இது. அந்த நிறுவனத்தின் கப்பல்களில் மேடை நிகழ்ச்சிதான் பயணத்தின் உயிர்.

ஆகவே ஆட்டக்காரர், பாட்டுக்காரர், வாத்தியக்காரர், ஒலி ஒளி வேலை தெரிந்தவர் ஆகியோருக்கான தேவை மந்தினிலிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணத்தில் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. தொழிற்சாலை வேலைக்குச் சிங்கப்பூர் போகும் பிள்ளைகளின் கண்ணில் இந்த விளம்பரங்களும் படத்தான் செய்யும்.

தரை நழுவும் மேடை

மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியான கடல். இரு பக்கமும் நிலம் இருப்பதால் அலை பெரிதாக எழும்ப இடமில்லை. விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று அடிக்கும் புயல்காற்று மட்டும் விதிவிலக்கு. அதுவும் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆனால் கப்பல் நீரிணைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பதில்லை. வியட்நாம், ஹாங்காங் பக்கம் திரும்பினால் தென்சீனக் கடல். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அங்கே அலை 3.5 மீட்டரைத் தாண்டும் என்று மெட்மலேசியா எச்சரிக்கை விடுவது ஆண்டுதோறும் நடப்பது. கிழக்குக்கரை மீனவர்கள் படகைக் கட்டிவைக்கும் காலம் அது.

தமிழர்களுக்கு நெருக்கமான வங்காள விரிகுடாவும் இப்படித்தான். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14-ஆம் தேதி தொடங்கிய பயணிகள் கப்பல், பருவமழையால் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. மறுபடியும் ஓட 2024 ஆகஸ்ட் ஆனது. இந்தியாவின் கார்டிலியா சொகுசுக் கப்பல் தென்மேற்குப் பருவமழையில் மேற்குக் கரை கொந்தளிக்கும்போது சென்னைக்கு இடம் மாறுவதும் இதனால்தான். 2023 ஜூன் மாதம் அது சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் போய் வந்தது. எந்த மாதத்தில் எந்தக் கடல் என்பதே கப்பல் தொழிலின் அரிச்சுவடி.

பெரிய கப்பல்களின் அடிப்பகுதியில் இரு பக்கமும் மீனின் துடுப்பு போன்ற இறக்கைகள் உண்டு. பக்கவாட்டு ஆட்டத்தை அவை வெகுவாகக் குறைக்கும். ஆனால் கப்பலின் மூக்கு மேலே ஏறிக் கீழே விழும் ஆட்டத்தை அவற்றால் தடுக்க முடியாது. அந்த ஆட்டம் அதிகமாகத் தெரிவது கப்பலின் முன்பகுதியில். பெரும்பாலான கப்பல்களில் பெரிய அரங்கம் கட்டப்பட்டிருப்பதும் அந்த முன்பகுதியில்தான்.

அங்கே ஆடுபவரின் கஷ்டம் தரையில் ஆடியவருக்கு எளிதில் விளங்காது. குதிக்கும்போது மேடை ஓர் இடத்தில் இருக்கும். கால் இறங்கும்போது அது மேலே எழுந்து வந்திருக்கும், அல்லது கீழே போயிருக்கும். மேலே வந்தால் முழங்காலும் கணுக்காலும் அடி வாங்கும். கீழே போனால் கால் வைத்த இடத்தில் தரை இருக்காது. ஆகவே கடல் மோசமாகும் நாளில் நிகழ்ச்சியைத் திருத்துவார்கள். ஒருவரை ஒருவர் தூக்கும் அசைவுகள் நீக்கப்படும். உயரக் குதிகால் செருப்புக்குப் பதில் தட்டைச் செருப்பு வரும். கயிற்றில் தொங்கிச் செய்யும் வித்தைகள் முதலில் ரத்தாகும். டிரம்சும் கீபோர்டும் கட்டப்படும். அதற்கும் மிஞ்சினால் நிகழ்ச்சியே இல்லை.

நிகழ்ச்சி இல்லை என்பதால் வேலை இல்லை என்று ஆகாது. வெளித்தளம் மூடப்பட்டு, நீச்சல்குளத்துத் தண்ணீர் இறக்கப்பட்டு, பயணிகள் எல்லாரும் உள்ளே அடைந்து கிடக்கும் நாளில்தான் கலைஞருக்கு அதிக வேலை. நடுக்கூடத்தில் பாட வேண்டும், விளையாட்டு நடத்த வேண்டும், பயந்துபோன பிள்ளைகளைச் சிரிக்கவைக்க வேண்டும். பாடுபவருக்கும் வயிறு புரளும். வாந்தி மாத்திரை போட்டால் தூக்கம் வரும். கப்பல் வேலையில் பழகியவர்கள் இஞ்சியையும் உப்பு பிஸ்கட்டையும் கையில் வைத்திருப்பார்கள். பயணி ஒருவர் நிமிர்ந்து பார்த்தால் முதலில் படுவது கலைஞரின் முகம். அந்த முகம் வாடினால் கூடம் முழுக்கக் கலங்கிவிடும்.

கடல் எப்போதும் சமாளிக்கக்கூடியதாக இருப்பதில்லை. 2019 மார்ச் 23-ஆம் தேதி நார்வே கரைக்கு அருகில் புயலில் வைகிங் ஸ்கை கப்பலின் இயந்திரங்கள் நின்றுபோயின. 1,373 பேர் இருந்த கப்பலிலிருந்து 479 பேரை ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்க வேண்டியதாயிற்று. 2023 நவம்பரில் பிஸ்கே விரிகுடாவில் ஸ்பிரிட் ஆஃப் டிஸ்கவரி கப்பல் சிக்கியபோது சுமார் 100 பயணிகள் காயமடைந்தனர். இவை பழங்கதைகள் அல்ல. நவீனக் கருவிகள் எல்லாம் வந்த பிறகு நடந்தவை.

பெரட்டுக்கு நிற்கும் ஆட்டக்காரர்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் விளக்கம் வேண்டாம். விடியுமுன் எல்லாரும் வந்து நிற்க, பெயர் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு வேலை பிரித்துவிடுவது. கப்பலிலும் பெரட்டு உண்டு. அபாய மணி அடித்தால் யார் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பயணிகளை எந்தப் படகுக்குக் கூட்டிப்போக வேண்டும், யாருக்கு உயிர்காப்புச் சட்டை மாட்ட வேண்டும் என்று பணியாளர் ஒவ்வொருவருக்கும் எழுதிவைத்த கடமை இருக்கிறது. ஒப்பந்தத்தில் பல மாதம் வேலை செய்யும் ஆட்டக்காரரும் பாட்டுக்காரரும் இதில் அடக்கம். அதனால்தான் கடலில் உயிர் பிழைப்பது, தீயணைப்பது, முதலுதவி செய்வது ஆகியவற்றில் அடிப்படைப் பயிற்சியும் சான்றிதழும் கேட்கிறார்கள். மேடையில் மின்னும் உடை போட்டவர், மணி அடித்த மறு நிமிடம் கடலோடி.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு 1991 ஆகஸ்ட் சாட்சி. தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்திலிருந்து டர்பனுக்குப் புறப்பட்ட ஓஷியானோஸ் என்ற கிரேக்கக் கப்பல், கடும் புயலில் இயந்திர அறைக்குள் தண்ணீர் புகுந்து சாயத் தொடங்கியது. கப்பலில் 571 பேர். மூத்த பணியாளர்கள் பலர் முதலிலேயே படகேறிப் போய்விட்டனர். கப்பலை ஓட்டும் அறைக்குப் போன மாஸ் ஹில்ஸ் அங்கே யாரையும் காணவில்லை. அவர் மாலுமி அல்ல, கப்பலில் கிதார் வாசித்தவர். வானொலிக் கருவியை எடுத்து உதவி கேட்டவர் அவர்தான். அவரும் அவர் மனைவி டிரேசியும் மற்றக் கலைஞர்களும் பயணிகளைப் படகில் ஏற்றினார்கள். படகு இறக்க முடியாமல் போனபோது ஹெலிகாப்டரில் தூக்கிவிட்டார்கள். காத்திருந்த நேரத்தில் கூடத்தில் பாடிக்கொண்டும் இருந்தார்கள். கேப்டன் அவர்களுக்கு முன்பே ஹெலிகாப்டரில் போய்விட்டார். ஆகஸ்ட் 4-ஆம் தேதி கப்பல் மூழ்கியது. 571 பேரும் பிழைத்தார்கள்.

எல்லாக் கலைஞருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2012 ஜனவரி 13-ஆம் தேதி இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்தபோது 32 பேர் இறந்தனர். பிள்ளைகளுக்கு உயிர்காப்புச் சட்டை மாட்டிவிட்ட ஹங்கேரிய வயலின் கலைஞர் சாண்டோர் ஃபெஹேர் அவர்களில் ஒருவர். படகில் தன் இடத்தை விட்டுக்கொடுத்ததாகப் பிழைத்தவர்கள் சொன்ன இத்தாலிய டிரம்ஸ் கலைஞர் ஜுசெப்பே ஜிரோலமோ இன்னொருவர். மும்பையைச் சேர்ந்த உணவுப் பணியாளர் ரஸல் ரெபெல்லோவின் உடல் 2014 நவம்பரில்தான் கிடைத்தது.

இந்தச் செய்திகள் தூர தேசத்துக் கதைகளாகத் தோன்றலாம். நெகிரி செம்பிலான் கடலிலேயே ஒரு சொகுசுக் கப்பல் மூழ்கியிருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1992 ஆகஸ்ட் 23-ஆம் தேதி அதிகாலையில் போர்ட் டிக்சனுக்கு அப்பால் ராயல் பசிபிக் என்ற கப்பலில் மீன்பிடிக் கப்பல் ஒன்று மோத, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இருந்த அந்தக் கப்பல் மூழ்கியது. உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. 1999 மே 20-ஆம் தேதி பினாங்குக் கடலில் சன் விஸ்டா கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. கப்பல் நள்ளிரவுக்குப் பிறகு மூழ்கியது. பயணிகளும் பணியாளர்களுமாக 1,100-க்கும் மேற்பட்டோர் படகுகளில் ஏறி உயிர் தப்பினார்கள். இருட்டில் மிதந்த படகுகளில் பயத்தைப் போக்க டைட்டானிக் படப் பாட்டைப் பாடியதாகப் பிழைத்தவர்கள் பின்னர் சொன்னார்கள்.

டைட்டானிக் தந்த கணக்கு

அந்தப் படத்தில் எல்லாரும் நினைவில் வைத்திருப்பது, கப்பல் மூழ்கும்வரை வாசித்துக்கொண்டிருந்த வாத்தியக்காரர்களை. 1912 ஏப்ரல் 15-ஆம் தேதி வாலஸ் ஹார்ட்லி தலைமையில் இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். உலகம் அவர்களை வீரர்கள் என்று கொண்டாடியது. அவர்களுடைய வீடுகளுக்கு என்ன நடந்தது என்பது படத்தில் வராத பகுதி.

அந்த எட்டுப் பேரும் கப்பல் நிறுவனத்தின் நேரடி ஆட்கள் அல்ல. லிவர்பூலில் இருந்த சி.டபிள்யூ. அண்ட் எஃப்.என். பிளாக் என்ற முகவர் நிறுவனம் அவர்களை அனுப்பியது. கப்பல்களுக்கு வாத்தியக்காரரைப் பிடித்துக் கொடுக்கும் குத்தகை அந்த முகவர் கைக்கு வந்த பிறகு அவர்களின் சம்பளம் குறைந்தது. கப்பலில் அவர்கள் இரண்டாம் வகுப்புப் பயணச்சீட்டில் ஏறியிருந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் தொழிலாளர் இழப்பீடு கேட்டபோது, அவர்கள் எங்கள் தொழிலாளர்கள் அல்ல, பயணிகள் என்றது கப்பல் நிறுவனம். நீதிமன்றமும் இழப்பீட்டுச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. மக்கள் திரட்டிய நிவாரண நிதியிலிருந்துதான் குடும்பங்களுக்கு உதவி கிடைத்தது. ஜான் ஹியூம் என்ற 21 வயது வயலின் கலைஞரின் தந்தைக்கு, மகன் இறந்த அந்த மாதமே முகவரிடமிருந்து கடிதம் வந்தது. மகனின் சீருடைக் கணக்கில் 14 ஷில்லிங் 7 பென்ஸ் பாக்கி இருக்கிறது, கட்டிவிடுங்கள் என்பது கடிதத்தின் சாரம்.

இந்தக் கணக்குத் தோட்டத்துக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. ஊரில் ஆள் பிடித்துக் கப்பலேற்றிய கங்காணியின் கணக்குப் புத்தகத்தில் பயணச் செலவு, முன்பணம் என்று பற்று ஏறிக்கொண்டே போனது பாட்டன் காலத்துக் கதை. தொழிலாளி துரையின் ஆளா, கங்காணியின் ஆளா என்ற கேள்வி வேலை வாங்கும்போது எழாது. காயம்பட்டால், வேலை போனால்தான் எழும். தோட்டங்களில் கங்காணி முறை போய்க் குத்தகையாளர் முறை வந்தபோதும் அதே கேள்வி திரும்பி வந்தது. அடையாளக் கார்டு வேறு பெயரில், சம்பளம் வேறு கையில், சொக்சோ சந்தா யார் கட்டினார் என்பது யாருக்கும் தெரியாத நிலையில் எத்தனையோ குடும்பங்கள் நின்றிருக்கின்றன. லிவர்பூல் முகவரும் இந்த ஊர்க் கங்காணியும் ஒரே தொழிலைத்தான் செய்தார்கள். ஒருவர் வயலின்காரரை அனுப்பினார், மற்றவர் பால்வெட்டுக்காரரை அனுப்பினார்.

இன்றைய சட்டம் என்ன தருகிறது?

நல்ல வேளையாக 1912-இன் சட்டம் இன்று இல்லை. 2006-ஆம் ஆண்டின் அனைத்துலகக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்ட் 20-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. மலேசியா அதே ஆண்டு அதை ஏற்றது. சொகுசுக் கப்பல்கள் பல பதிவாகியிருக்கும் பஹாமாஸ், பனாமா நாடுகளும் ஏற்றிருக்கின்றன. கப்பலில் எந்த வேலையானாலும் செய்பவர் கடலோடிதான் என்பது அதன் அடிப்படை. இயந்திரம் ஓட்டுபவரும் பாத்திரம் கழுவுபவரும் மேடையில் ஆடுபவரும் ஒரே சட்டத்தின் கீழ் வருகிறார்கள்.

அந்தச் சட்டப்படி, வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் முகவர் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், கடப்பிதழ் ஆகியவற்றின் செலவு மட்டுமே அவருடையது. விசாச் செலவு கப்பல் உரிமையாளருடையது. வேலை நேரத்துக்கும் வரம்பு உண்டு. 24 மணி நேரத்தில் 14 மணிக்கு மேலும், 7 நாளில் 72 மணிக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது, அல்லது 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், 7 நாளில் 77 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஒப்பந்தம் முடிந்தாலோ நோய் வந்தாலோ கலைஞரை ஊருக்கு அனுப்பும் செலவு கப்பல்காரருடையது. 2017 ஜனவரி முதல், நிறுவனம் நொடித்துப்போய்ப் பணியாளரைக் கைவிட்டால் ஊர் திரும்பும் செலவுக்கும் நான்கு மாதச் சம்பளம்வரைக்கும் காப்புறுதி இருக்க வேண்டும். கோவிட் காலத்தில் கப்பல் நிறுவனங்கள் விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் ஓட்டை ஒன்று இருக்கிறது. உடன்படிக்கையோடு 2006-இல் நிறைவேற்றப்பட்ட தீர்மானம் ஒன்று, கப்பலில் சில நாட்கள் மட்டும் வந்து போகும் விருந்தினர் கலைஞர் போன்றோர் கடலோடியா இல்லையா என்பதில் ஐயம் எழுந்தால், கப்பலின் கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாடு முடிவு செய்யலாம் என்கிறது. எவ்வளவு நாள் தங்குகிறார், எத்தனை முறை வருகிறார், அவருக்கு வேறு பாதுகாப்பு இருக்கிறதா என்பவற்றைப் பார்க்கச் சொல்கிறது. ஆறு மாதம், ஒன்பது மாதம் ஒப்பந்தத்தில் ஏறும் ஆட்டக்குழுவுக்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. தீபாவளி சிறப்புப் பயணத்துக்கு மூன்று இரவு, நிறுவன விருந்துக்கு இரண்டு இரவு என்று கூப்பிடப்படும் உறுமி மேளக்குழுவும் நடனக்குழுவும் இந்த ஓட்டைக்குள்தான் விழும். இந்நாட்டு இந்தியக் கலைஞர்களுக்குக் கப்பலில் எளிதில் கிடைக்கக்கூடிய மேடை அதுதான். டைட்டானிக் வாத்தியக்காரரைப் போல அவர்கள் பயணியாகவும் எழுதப்படலாம், தொழிலாளியாகவும் எழுதப்படலாம், இரண்டுமில்லாமலும் விடப்படலாம். கப்பல் ஆடும்போது கால் முறிந்தால் அந்த ஒரு வரி எழுத்துத்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

கையெழுத்துக்கு முன்

இதனால் பிள்ளைகளைக் கப்பலுக்கு அனுப்பவே கூடாது என்று முடிவு கட்டுவது தவறு. ஆட்டத்தை முழுநேரத் தொழிலாகச் செய்து சம்பளம் வாங்கும் வாய்ப்பு இந்த நாட்டில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? நாள்தோறும் மேடை ஏறுவதால் கை தேறும். பல நாட்டுக் கலைஞரோடு பழகுவதால் தொழில் புரியும். கடல் மோசமாக இருக்கும் நாட்கள் ஓர் ஒப்பந்தத்தில் சிலவே. பெரும்பாலான கப்பல்கள் பத்திரமாகவே போய் வருகின்றன. பயப்பட வேண்டியது அலையைப் பார்த்து அல்ல, காகிதம் இல்லாத வேலையைப் பார்த்து.

ஆகவே கேட்க வேண்டியவை சில. ஒப்பந்தத்தில் முதலாளி என்று எழுதியிருக்கும் பெயர் கப்பல் நிறுவனமா, முகவரா? கடலோடி என்ற சொல் அதில் இருக்கிறதா? முகவர் "பயிற்சிக் கட்டணம்", "பதிவுக் கட்டணம்" என்று பணம் கேட்கிறாரா? கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். கடலில் உயிர் பிழைக்கும் பயிற்சியை யார் தருகிறார்கள், செலவு யாருடையது? காயம்பட்டால் கப்பல் மருத்துவருக்குப் பிறகு கரையில் சிகிச்சைச் செலவை எவ்வளவு காலம் யார் ஏற்பார்கள்? ஆட முடியாத நிலையில் சம்பளம் உண்டா? கடல் மோசமான நாளில் நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, ஆபத்தான அசைவைச் செய்ய மாட்டேன் என்று ஆட்டக்காரர் சொன்னால் அதற்குத் தண்டனை உண்டா? இவற்றுக்கு வாய்ப்பேச்சில் பதில் வந்தால் போதாது. எழுத்தில் வர வேண்டும், அதன் நகல் வீட்டில் இருக்க வேண்டும்.

கப்பலில் ஏறிய பிறகும் வழி அடைபட்டுவிடுவதில்லை. ஒவ்வொரு கப்பலிலும் பணியாளர் புகார் செய்வதற்கு முறை இருக்க வேண்டும் என்கிறது உடன்படிக்கை. கப்பல் நிற்கும் துறைமுகத்து அதிகாரியிடமும் புகார் கொடுக்கலாம். மலேசியாவில் கடலோடிகளுக்கான பொறுப்பு கடல்துறை இலாகாவுடையது.

சில இரவு நிகழ்ச்சிக்குப் போகும் குழுக்களுக்குத்தான் இன்னும் ஏற்பாடு தேவை. பெர்கேசோவின் சுயதொழில் செய்வோருக்கான பாதுகாப்புத் திட்டத்தில் 2020 முதல் கலைத்துறையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. உறுமி மேளக்காரரும் நடனக்காரரும் அதில் பதிந்துகொள்ள முடியும். கப்பலில், நாட்டுக் கடல் எல்லைக்கு வெளியே நடக்கும் நிகழ்ச்சிக்கு அந்தப் பாதுகாப்பு எதுவரை செல்லும் என்பதைப் போவதற்கு முன் பெர்கேசோ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அது எட்டாத இடத்துக்குத் தனிக் காப்புறுதியை ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டும். கலைஞர் சங்கங்களும் சமூக அமைப்புகளும் விருது விழா நடத்துவதோடு நிற்காமல், இத்தகைய ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்துச் சொல்ல ஒரு வழக்கறிஞரை வைத்தால் அந்த உதவி பல குடும்பங்களுக்குப் போய்ச் சேரும். தனித்தனியாகக் கேட்கும் குழுவை ஏற்பாட்டாளர் மாற்றிவிடலாம். எல்லாக் குழுக்களும் ஒரே கேள்வியைக் கேட்டால் மாற்ற முடியாது.

மந்தின் பக்கத்துத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் வந்து சேர்ந்ததும் கப்பலில்தான். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் படுத்து, வங்காள விரிகுடாவைக் கடந்து பினாங்கிலும் கிள்ளானிலும் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று மேடை ஏறுகிறார்கள். அன்று கப்பலேறியவர்கள் என்ன காகிதத்தில் கைரேகை வைக்கிறோம் என்று தெரியாமலேயே வைத்தார்கள். படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை, சலங்கையைப் பெட்டியில் வைப்பதற்கு முன் ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட வேண்டும். பாட்டனுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.